சீல் இன்டாக்ட்

எனக்குக் காத்திருக்க வராது. பிறவிக் குணம். சோறு வேகத் தாமதமானால் அடுப்படிக்கு நாலு நடை போய் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். என் பெண்டாட்டி கரண்டியை ஓங்குவாள். இப்படிப்பட்டவன் டிரெய்லர் ஓட்டப் போனதே தப்பு. போன இடத்தில் அந்த மனுஷன் கையில் மாட்டியது அதைவிடப் பெரிய தப்பு.

அவர் பெயர் எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. யார்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நேரில் ‘சார்’. அந்தப் பக்கம் திரும்பினால் ‘இன்டாக்ட்டு’. “இன்னிக்கு கேட்ல யாரு?” என்று கேட்டு, “இன்டாக்ட்டு” என்று பதில் வந்தால் டிரைவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைப்போம். அன்றைக்குச் சாப்பாடு வண்டியில்தான் என்று அர்த்தம்.

திருவொற்றியூர் தாண்டி இருந்த ஒரு கன்டெய்னர் யார்டு அது. காலிப் பெட்டியை அங்கே எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போவோம். அவர்கள் சரக்கு ஏற்றிக் கதவைச் சாத்தி சீல் போட்டுக் கொடுப்பார்கள். திரும்ப அதே யார்டு கேட்டுக்கு வரவேண்டும். சர்வேயர் பெட்டியைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஹார்பருக்கு விடுவார்கள். சீல் என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே அவர் எழுதவேண்டியது ஒரே ஒரு சொல். இன்டாக்ட். எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மற்ற ஷிப்டுக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எழுதிக் கொடுப்பார்கள். ஒருத்தர் அந்தச் சொல்லுக்கு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தார். டீ கிளாஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்துவார். அவரை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இவர் எழுந்து வருவார். குட்டை மனுஷன், கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, சட்டைப் பையில் ரெண்டு பேனா, கையில் ஒரு சின்ன ஸ்பேனர். பெட்டியைச் சுற்றி இடப்பக்கமாக ஒரு தடவை, வலப்பக்கமாக ஒரு தடவை. குனிந்து அடியில் பார்ப்பார். ஏணி போட்டு மேலே பார்ப்பார். சீலைக் கையில் பிடித்து இழுத்து, நம்பரை வாய்விட்டுப் படித்து, தாளில் இருப்பதையும் வாய்விட்டுப் படிப்பார். கதவுக் கைப்பிடியின் போல்ட்டுகளைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டுவார். அந்த ஒரு நகத்தை மட்டும் அவர் வெட்டுவதே இல்லை. எல்லாம் முடிந்தபிறகு டிரைவரைக் கூப்பிடுவார்.

“வழியில எங்கெங்க நின்ன?”

சொல்வோம். டீக்கு நின்றது, டயருக்கு நின்றது, சுங்கச்சாவடி.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் சார்.”

கண்ணாடிக்கு மேலாக முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம்தான் பேனா மூடி திறக்கும். பின்னால் இருபது வண்டி ஹாரன் அடித்தாலும் இந்த வரிசை மாறாது.

அந்தச் சொல்லை நாங்கள் அவரைக் கிண்டல் பண்ணவே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டோம். பிரியாணிப் பொட்டலம் வந்தால் “இன்டாக்ட்டா கீதா பாரு, லெக் பீஸ எவனாவது உருவிட்டானா?” என்போம். பண்டிகை முடிந்து வேலைக்கு வந்தவனைப் பார்த்து “வாடா, இன்டாக்ட்டா வந்துட்டியா?” என்போம். அவர் காதில் விழும். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். ஒருமுறை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், மூலையில் நசுங்கியிருந்த பெட்டிக்கு ‘ஏறக்குறைய இன்டாக்ட்’ என்று எழுதிவிட்டான். அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டேன்.

“ஏறக்குறையன்னா இன்னா அர்த்தம்? இன்டாக்ட்னா கை படாததுன்னு அர்த்தம். கை பட்டுச்சா, படலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. பாதி கை படுமா?”

பையன் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினான். நான் அந்தப் பெட்டிக்காரன் பின்னால் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல்.

காலிப் பெட்டி எடுக்கும்போதும் அவரிடம் மாட்டினால் தொல்லைதான். பெட்டிக்குள்ளே போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்வார். கூரையில் துருப்பிடித்த ஓட்டை இருந்தால் உள் இருட்டில் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கினால் சரக்கு போச்சு. எல்லா யார்டிலும் இருக்கிற வழக்கம்தான் இது. ஆனால் மற்றவர்கள் உள்ளே போய்ப் பத்து எண்ணுவதற்குள் கதவைத் தட்டுவார்கள். இவர் லேசில் தட்ட மாட்டார். வெயில் காலத்தில் அந்த இரும்புக்குள் நிற்பது என்றால் சும்மாவா? வெளியே இருந்து கதவில் கை வைத்தாலே சுடும்.

ஒரு மே மாசம், அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்திய நான் கைப்பிடியையும் இறக்கிவிட்டேன். காலையிலிருந்து கேட்டிலேயே நின்ற ஆத்திரம். என் மச்சான் பக்கத்தில் இருந்தான். என் பெண்டாட்டியின் தம்பி. அவனும் டிரெய்லர் ஓட்டுகிறவன், அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

“வா மாமா, ஒரு டீ அடிச்சிட்டு வரலாம். அதுவரிக்கும் வேவட்டும்” என்றான்.

போனோம். டீ குடித்தோம், ஒரு வடையும் தின்றோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கெட்ட வார்த்தை வரும் என்று நான் தயாராக நின்றேன், பதிலுக்கு நாலு வார்த்தை வைத்திருந்தேன்.

“ரெண்டு ஓட்ட கீது நைனா” என்றார். “மொதல்ல ஒண்ணுதான் தெரிஞ்சிச்சு. நின்னுகினே இருந்தேனா, அப்பால இன்னொண்ணும் தெரிஞ்சிச்சு. இந்தப் பொட்டி வேணாம், வேற எடு.”

அவ்வளவுதான். யாரிடமும் புகார் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து டிரைவர்கள் எல்லாரிடமும், “அவசரப்பட்டுத் தொறக்காத, நான் தட்டுறப்ப தொற” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். என் கொழுப்பு எல்லாருக்கும் அரை மணி நேரத் தண்டனையாக முடிந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பெட்டியை இறக்கும்போது ஒரு கூலிக்காரருக்கு இடது கை இரும்புக்கு நடுவே மாட்டி ரெண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன கையோடு மேனேஜர் போன் பண்ணி இவரைக் கேட்டார். கார்கோ இன்டாக்ட் என்று உடனே ரிப்போர்ட் வேண்டும், கப்பல் ஏஜென்ட் நெருக்குகிறார். இவர் பெட்டியை வழக்கம்போல ரெண்டு சுற்றுச் சுற்றினார். அப்புறம் எழுதினார். கார்கோ இன்டாக்ட். அதற்குக் கீழே, ஆள் இன்டாக்ட் இல்லை, இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மேனேஜர் நேரில் வந்து அந்தக் கீழ் வரியை அடிக்கச் சொன்னார். இது சரக்குக்கான தாள், மனுஷனுக்கானது இல்லை என்று விளக்கினார். “நீங்க வேற தாள்ல எழுதிக்குங்க சார், நான் எழுதினது எழுதினதுதான்” என்றார் இவர். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். காசை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ராயபுரத்தில் அவர் தெருவிலேயே குடியிருந்து, எங்கள் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருத்தர் சொன்ன கதைதான் என்னை ரொம்பக் கலக்கியது. இவருக்கு ஒரு தங்கை. சர்ச்சில் பார்த்துப் பிடித்துப்போய் ஒரு வீட்டில் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். எல்லாம் பேசி முடித்து, கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா சும்மா சம்பிரதாயத்துக்கு, “வேற ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டிருக்கிறாள். வீடே ‘ஒண்ணும் இல்ல’ என்று தலையாட்டியிருக்கிறது. இவர் மட்டும், “சின்ன வயசுல ரெண்டு தபா ஃபிட்ஸ் வந்துச்சு. அப்பால வர்ல” என்றாராம். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. தங்கை அதே வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணனுக்குச் சோறு போட்டுத் தட்டை நகர்த்திவிட்டு உள்ளே போய்விடுவாள். பேச்சுக் கிடையாது. எத்தனையோ வருஷமாக.

“இவன்லாம் மனுஷனா?” என்று நான் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். அன்றைக்கு அவர்மேல் வந்த வெறுப்பு, என்னைக் கேட்டில் நிறுத்தி வைத்தபோதெல்லாம் வந்ததைவிட அதிகம். கூடப் பிறந்தவளுக்காக ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா ஒருத்தனால்?

இனி என் கதை. அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், கோடைக் கடைசி. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷூ ஏற்றிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கறுப்புத் தோல் ஷூ, வெளிநாட்டுக்குப் போவது. வந்து பார்த்தால் யார்டில் ஏதோ கம்ப்யூட்டர் பழுதாம், வரிசை எர்ணாவூர் வரை நிற்கிறது. மூன்று நாள் நின்றேன். அதில் மூன்றாவது நாள் வண்டி நகர்ந்து நகர்ந்து சரியாக எங்கே வந்து நின்றது தெரியுமா? என் வீட்டு எதிரில். எர்ணாவூர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ரெண்டாவது மாடி எங்களுடையது. கேபினிலிருந்து பார்த்தால் என் பெண்டாட்டி கொடியில் துணி காயப்போடுவது தெரிகிறது. மூன்று நாளாகக் குளிக்கவில்லை. நாலாவது முடித்திருந்த என் மகள் கீழே இறங்கி வந்து, நெத்திலிக் குழம்பு என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

சரக்கு ஏற்றிய வண்டியை விட்டு டிரைவர் விலகக் கூடாது. தெரிந்தால் வேலை போய்விடும். இது எல்லா ஓனரும் முதல் நாளே சொல்லுகிற சட்டம். ஆனால் எனக்குப் பின்னால் நின்ற வண்டியில் இருந்தது என் மச்சான்.

“போய்ட்டு வா மாமா” என்றான். “நான் பாத்துகினு கீறேன். ஒன் பொட்டி என் கண்ணு முன்னாடிதான கீது?”

போனேன். குளித்தேன், தின்றேன், ஃபேனுக்கு அடியில் ஐந்து நிமிஷம் என்று படுத்தவன் தூங்கிப்போனேன். எழுந்து ஓடி வந்தபோது தெரு விளக்கு போட்டிருந்தார்கள். வரிசை ஒரு அடி நகரவில்லை. மச்சான் அவன் கேபின் படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். “ஒண்ணியும் இல்ல மாமா, ஷோக்கா தூங்கினியா?” என்றான். சீலைத் தொட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ராத்திரி வரிசை நகர ஆரம்பித்தது. மறுநாள் காலை கேட்டில் அவர். ரெண்டு சுற்று. சீல் நம்பர் சரி. ஏணி, அடிப்பக்கம், எல்லாம் சரி. அப்புறம் அந்த நகம். மூன்றாவது போல்ட்டில் நகம் வைத்ததும் பெயின்ட் மெத்தென்று உரிந்து வந்தது. மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

பெட்டி தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். சீலை உடைக்காமலே கன்டெய்னரைத் திறக்கலாம். கைப்பிடியைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தட்டி எடுத்தால், சீல் போட்டது போட்டபடி இருக்க, கைப்பிடி தனியாகக் கழன்று கதவு திறக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு புது போல்ட் அடித்து அதே கலர் பூசிவிட்டால் முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற சர்வேயர் யாருக்கும் தெரியாது. கப்பல் ஏறி எந்த ஊரிலோ திறக்கும்போதுதான் தெரியும். அங்கே யார் யாரைக் கேட்பது?

“வழியில எங்கெங்க நின்ன?”

“லைன்லதான் சார்.”

“வண்டிய உட்டு எறங்கினியா?”

“ஒண்ணுக்குப் போக எறங்கினேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் சார்.”

பேனா மூடியைத் திறந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “சார், தாள்ல சீலப் பத்திதான கேட்டுகீது? சீல் நல்லாத்தான கீது? அத்த மட்டும் எழுது சார். பொய்யா எழுதச் சொல்லல. கீறத எழுது, போதும். எனக்குப் பொண்ணு கீது சார்.”

அவர் உடனே மறுக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். தாளில் சீல் என்று அச்சடித்திருந்த இடத்தை மறுபடி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

“சீல் இன்டாக்ட்னு மட்டும் எழுதினா, படிக்கிறவன் பொட்டியும் இன்டாக்ட்டுனு நெனச்சிப்பான் நைனா” என்றார். எழுதினார். சீல் இன்டாக்ட். பெட்டி இன்டாக்ட் இல்லை. மூன்றாவது போல்ட் புதிது, பெயின்ட் ஈரம்.

பெட்டியைத் திறந்தார்கள். முன்வரிசை அட்டைப்பெட்டிகள் அடுக்கியபடி அழகாக இருந்தன. அதற்குப் பின்னால் ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடம் காலி.

போலீஸ் ஸ்டேஷனில் ரெண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெயின்ட் ஈரம் என்றால் வரிசையில் நின்றபோதுதான் நடந்திருக்கிறது. நான் வண்டியை விட்டுப் போகவில்லை என்கிறேன். அப்படியானால் திருடனோடு நானும் கூட்டு. கணக்கு அவ்வளவு சுலபம். பின்னால் நின்ற வண்டிக்காரன் என்று மச்சானையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். கேபினில் தூங்கிவிட்டேன், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறான்.

மூன்றாவது நாள் ஷிப்டு முடிந்து அவர் அங்கே வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் சாப்பாட்டுப் பை.

“நீ எறங்கவே இல்லன்னு சொல்லிகினே இருந்தா நீதான் திருடன்னு ஆயிடும். அஜாக்கிரதைக்கி வேலதான் போவும். திருட்டுக்கு உள்ள போவணும். எங்க போன, சொல்லு.”

சொன்னேன். குளித்தது, குழம்பு, தூக்கம்.

“அவ்ளோதானா?”

சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மச்சானிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், நான் திரும்பியபோது அவன் முழித்துக்கொண்டுதான் இருந்தான். இதைச் சொன்னால் அவன் தூங்கினேன் என்றது பொய்யாகிவிடும். வாசலில் என் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் தம்பி, எனக்கு டீ வாங்கி வைத்துக்கொண்டு. அவர்களுக்கு அப்பா இல்லை. அவனை எடுத்து வளர்த்ததே அவள்தான்.

“அவ்ளோதான் சார்” என்றேன்.

அதையே போலீஸிடமும் சொன்னேன். நான் வீட்டுக்குப் போனதை எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்னார். என்னை விட்டார்கள். ஓனர் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். திருடியது யாரென்று கண்டுபிடிக்கவே இல்லை. பாவம், பையன் அசந்துபோய் நிஜமாகவே கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. எனக்கு வேலை இல்லை. மகளுடைய பழைய ஷூவில் விரல் வெளியே எட்டிப்பார்த்தது. மச்சான் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். கறுப்பு ஷூ. “கடையில வாங்கினேன்” என்றான். அட்டைப்பெட்டி இல்லை. நான் உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். நாக்குப் பகுதியில் வெளிநாட்டு அளவு அச்சடித்திருந்தது. அந்தத் தோல் வாசனை எனக்குத் தெரியும். ராணிப்பேட்டையில் என் பெட்டிக்குள் ஏற்றும்போது அரை நாள் முழுக்க அந்த வாசனையில்தான் நின்றேன். நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பெண்டாட்டிக்கு முகமெல்லாம் சந்தோஷம், தம்பி வாங்கி வந்திருக்கிறானே. மகள் காலை நீட்டினாள். லேஸ் கட்டிவிட்டது நான்தான்.

இதற்கப்புறம் அவர் என் வீட்டுக்கு மூன்று தடவை வந்தார். ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி, ரெண்டு மாடி ஏறி. முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு. தண்ணீர் மட்டும் குடித்தார்.

“நீ திரும்பி வந்தப்போ பின்னாடி வண்டிக்காரன் தூங்கினு இருந்தானா, முழிச்சிகினு இருந்தானா?”

“தூங்கினு இருந்தான் சார்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

ரெண்டாவது தடவையும் அதே கேள்வி. எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் சார் இப்டி உயிர எடுக்கற? வேலயும் போச்சு. இன்னும் இன்னாதான் வேணும் ஒனக்கு?” என்று கத்தினேன்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்பா” என்றார். “அந்தத் தாளு பாதியில நிக்குது. தூக்கம் வர்ல.”

மூன்றாவது தடவை ஒரு வேலை நாள், சாயங்காலம். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒரு ஷூவை எடுத்தார். நகத்தால் தோலை லேசாக அழுத்திப் பார்த்தார். நாக்கை விரித்து அச்சடித்த அளவைப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே, ஜோடி சேர்த்து, நேராக வைத்தார்.

“எங்க மாமா வாங்கிக் குடுத்துச்சு” என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக, கேட்டில் பார்ப்பாரே, அதே பார்வை.

“அவ்ளோதானா?” மெதுவாகத்தான் கேட்டார்.

மகள் பாதி கழற்றிய சாக்ஸோடு எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவ்ளோதான் சார்.”

“நல்லா கீதும்மா” என்றார் அவளிடம். “மழையில போடாத, சுருங்கிடும்.” படி இறங்கிப் போய்விட்டார்.

போலீஸ் வரும் என்று காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்க வராது என்றேனே, அந்த நாட்களில் மாடிப்படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றுவிடுவேன். ஒரு வாரம். ஒரு மாசம். யாரும் வரவில்லை. தங்கை கல்யாணப் பேச்சில் கூட வாயை மூடாத மனுஷன் என் மகள் ஷூவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். முதலில் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஃபோர்க்லிஃப்ட்காரரைப் பிறகு பார்த்தபோது சொன்னார். அவர் கேட் வேலையை விட்டுவிட்டாராம். பெட்டியை வழக்கம்போல ரெண்டு சுற்றுச் சுற்றுவாராம், நகம் வைத்துப் பார்ப்பாராம், பேனாவைத் திறந்துகொண்டு நிற்பாராம். எழுத வராதாம். பழுதில்லாத பெட்டிக்கும் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. வரிசை நீண்டு மேனேஜர் கத்தியிருக்கிறார். ஒரு நாள் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். “இன்னா ஆச்சோ மனுசனுக்கு” என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர். எனக்குத் தெரியும் என்ன ஆச்சு என்று. நான்தான் ஆச்சு.

இப்போது நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். கல்மண்டபத்தில் எடுத்தால் டோல்கேட் வரை. இதில் காத்திருப்பது குறைவு, ஆள் நிரம்பினால் கிளம்பவேண்டியதுதான். மகள் பிளஸ் டூ. மச்சான் சொந்தமாக ஒரு லோடு வண்டி வாங்கிவிட்டான், பொங்கலுக்குப் பொங்கல் எங்களுக்குத் துணி எடுத்துத் தருகிறான். நான் கட்டிக்கொள்கிறேன்.

போன மாசம் கல்மண்டபத்தில் அவர் ஏறினார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அதே கறுப்புக் கண்ணாடி. சட்டைப் பையில் பேனா இல்லை. ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது, ஆனால் தண்டையார்பேட்டை வரை பேசவில்லை. இறங்கினார். சில்லறையை என் கையில் வைத்தார்.

“நல்லா கீறியா நைனா?”

“கீறேன் சார்.”

“பொண்ணு?”

“பிளஸ் டூ படிக்கிது சார்.”

தலையாட்டினார். நான் தயாராக இருந்தேன். ஏழு வருஷமாக அந்தக் கேள்விக்கு என் வாயில் பதில் தயாராக இருந்தது. அவர் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

அந்த மனுஷன் கேட்காமல் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

“சார்” என்று கூப்பிட்டேன். திரும்பினார். “அவ்ளோதான் இல்ல சார்.”

பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். ஆட்டோவில் இருந்த அம்மா, “எடுப்பா, டைம் ஆவுது” என்றாள். அவர் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தார். அப்புறம் வந்து, என் பக்கத்தில், டிரைவர் சீட்டு ஓரத்தில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஓட்டு” என்றார். “டோல்கேட் வரிக்கும் டைம் கீதில்ல. சொல்லு.”

கியரைப் போட்டேன். “அன்னிக்கு நான் திரும்பி வந்தப்போ என் மச்சான் முழிச்சிகினுதான் சார் இருந்தான்” என்று ஆரம்பித்தேன்.